இடது பக்கக் கயிறும் என் வலது கையும்

தண்ணீரில் ஏதோ விழுந்த சத்தம் கேட்டு, யாருடைய மூட்டை என்று பார்க்கத் திரும்பினேன். பார்ஜ் படகிலிருந்து கரைக்குப் போட்ட பலகையில் எனக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லோருடைய தோளிலும் மூட்டை இருந்தது. என் தோளில்தான் இல்லை.

கோதுமை மா மூட்டை. கீழே கடல் பால் கொட்டியதுபோல வெளுத்துக்கொண்டு வந்தது. ஜெட்டி என்கிற இறங்குதுறையில் நின்ற கங்காணி சின்னராசா அண்ணை, "டேய், என்னடா செய்தனீ?" என்று கத்தினார். நான் என் வலது கையைப் பார்த்தேன். மூட்டையின் காதைப் பிடித்த மாதிரியே அது வளைந்து நின்றது. பிடித்திருப்பதாகவே அந்தக் கை நினைத்துக்கொண்டிருந்தது. அது விட்டது எனக்குத் தெரியவேயில்லை.

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு ஓடியவன். நிலாவெளியில் கரைவலை இழுத்தேன், கந்தளாயில் கரும்பு வெட்டினேன், மன்னாரில் உப்பு வாரினேன். எங்கேயும் இரண்டு வருஷம் நின்றதில்லை. திருகோணமலைத் துறைமுகத்தில் மட்டும் பதினொரு வருஷம் நின்றேன். அதிலும் இடையிடையே ஓடிப்போய்த் திரும்பி வந்தேன். அந்த மூட்டை விழுந்தபோது எனக்கு நாற்பத்தொரு வயது. இதை எழுதச் சொன்னவர் ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் கிடந்த காசிம் நானா. கிண்ணியாக்காரர், அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கர். கழுத்து நோவோடு திரிகிற ஆட்கள் படிக்கட்டும், பிழை திருத்தி நான் தருகிறேன் என்றார்.

கழுத்து நோவு எனக்கு அதற்கு ஆறு மாதம் முன்பே இருந்தது. ஜெட்டியில் யாருக்குத்தான் இல்லை? எண்ணெய் பூசினேன், செங்கல்லைச் சூடாக்கித் துணியில் சுற்றி வைத்தேன். சனிக்கிழமைகளில் எங்கள் கூட்டம் முழுவதும் சலூனுக்குப் போகும். சவரம் முடிந்ததும் சலூன்காரர் தாடையில் ஒரு கையும் உச்சியில் ஒரு கையும் வைத்து, கழுத்தை இரண்டு பக்கமும் சொடுக்கிவிடுவார். சத்தம் வந்தால்தான் சவரம் முடிந்த மாதிரி. பிறகு தோளிலிருந்து விரல் வரைக்கும் ஏதோ எறும்பு ஊர்கிற மாதிரி இருக்க ஆரம்பித்தது. அதற்கும் ஒரு சொடுக்கு அதிகமாக வாங்கிக்கொண்டேன்.

மூட்டை விழுந்ததற்கு மறுநாள் என் மனைவி பரமேசு என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். சாம்பல்தீவிலிருந்து முதல் பஸ். வெளிநோயாளர் பகுதியில் வாங்குப் பலகையில் மதியம் வரை உட்கார்ந்திருந்தோம். அந்த வாங்கில் இருந்த குழந்தைகள், காய்ச்சல்காரர்கள், கட்டுப் போட்டவர்கள் எல்லோருக்கும் என்ன வருத்தம் என்று பார்த்தாலே தெரிந்தது. என்னைப் பார்த்தால் தெரியாது. ஒரு மனுசி பரமேசுவிடம், "உங்களுக்கோ பிள்ளை, வருத்தம்?" என்று கேட்டாள்.

கழுத்தை எக்ஸ்ரே எடுத்தார்கள். பிறகு டொக்டர் ஒரு வேலை செய்தார். இரத்த அழுத்தம் பார்க்கிற பெட்டியைத் திறந்து, கையில் சுற்றுகிற பட்டியைச் சுருட்டி, கொஞ்சம் காற்றடித்து என் இடது கையில் தந்தார்.

"நெரியும் பாப்பம்."

நெரித்தேன். பெட்டியில் இருந்த பாதரசம் விறுவிறென்று ஏறி இருநூற்று நாற்பதில் நின்றது. பரமேசு தன் புருஷனை நினைத்துக் கொஞ்சம் பெருமையாகவே டொக்டரைப் பார்த்தாள். அவர் பட்டியை வலது கைக்கு மாற்றினார்.

"நெரியும்."

இரசம் நாற்பதில் நின்று நடுங்கியது.

"ம், நெரியும்."

"நெரிச்சுக்கொண்டுதான் இருக்கிறன், ஐயா" என்றேன்.

பரமேசு வாயைப் பொத்திக்கொண்டாள். இத்தனை நாளும் நான் அவளிடம் சொன்னது நோவு என்று மட்டும்தான். கை போகிறது என்று எனக்கே தெரியாதபோது அவளுக்கு எப்படிச் சொல்வது?

டொக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். கழுத்தில் ஏழு எலும்பு. ஒவ்வொன்றுக்கும் நடுவில் மெத்தை மாதிரி ஒரு வட்டு. பக்கத்தால் நரம்பு வெளியே வந்து கைக்குப் போகிறது. எனக்குக் கீழே இரண்டு வட்டுகள் தேய்ந்து, பிதுங்கி, வலது கைக்குப் போகிற நரம்பை நசுக்குகின்றன என்றார். எனக்கு உடனே விளங்கியது. ஜெட்டிக்கும் பார்ஜுக்கும் நடுவில் பழைய டயர் தொங்கவிடுவோம். டயர் பிய்ந்து போனால் இரும்பும் கல்லும் மோதும். அதற்குள் கயிறு அகப்பட்டால் கயிறு போய்விடும். அந்தக் கயிறுதான் என் கை.

"ரெண்டு மாசம் பாப்பம். கை தேறாட்டி கொழும்புக்கு எழுதித் தருவன். கழுத்தில ஒப்பரேசன்."

"செய்தா கை வருமோ, ஐயா?"

"வரலாம்" என்றார். 'வரும்' என்று அவர் சொல்லவில்லை. என்னை அன்றைக்கே வார்ட்டில் சேர்க்கச் சொன்னார். பஸ்ஸில் திரும்பிப் போய் எனக்குப் பாயும் உடுக்கச் சாரமும் எடுத்து வரும்வரை அந்த ஒரு சொல்லையே பரமேசு முணுமுணுத்துக்கொண்டிருந்தாளாம்.

வார்ட்டில் என்னைக் கட்டிலில் கிடத்தி, தாடைக்குக் கீழே ஒரு தோல் பட்டியும் பிடரியில் ஒன்றும் போட்டார்கள். இரண்டையும் கயிற்றில் சேர்த்து, தலைமாட்டில் இருந்த கப்பியில் ஓட்டி, மறுமுனையில் இரும்புப் படிக்கற்களைத் தொங்கவிட்டார்கள். கழுத்தை இழுத்து, நரம்புக்கு இடம் விடுவதற்காம். பதினொரு வருஷம் கப்பியில் சாமான் தூக்கியவன் நான். இப்போது சாமான் நான்தான்.

பட்டியைக் கழற்றிவிடுகிற நேரத்தில்தான் சாப்பாடு. பரமேசு இடியப்பத்தைச் சொதியில் ஊறவைத்துக் கொண்டு வருவாள். வலது கையால் வாய்வரை கொண்டுபோவேன், பாதி வழியில் விரல் விரிந்து எல்லாம் சாரத்தில் விழும். இடது கையால் சாப்பிட மனம் வரவில்லை. கடைசியில் இடது கையில் கரண்டி பிடித்தேன். அப்போதெல்லாம் காசிம் நானா மறுபக்கம் திரும்பி, சுவரைப் பார்த்துக்கொண்டு கிடப்பார். கழுத்து நோவோடு அந்தப் பக்கம் திரும்புவது அவருக்கு எவ்வளவு வேதனை என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அவருக்கும் என்னுடைய வருத்தமேதான். எனக்கு அது பெரிய அதிசயமாக இருந்தது.

"நானா, நான் மூட்டை தூக்கிறவன். உங்களுக்கு எப்பிடி வந்தது?"

"இருபது வருசமாத் தலையைக் குனிஞ்சு டைப் அடிச்சன் தம்பி. நீ மூட்டை தூக்கி வந்திரிக்காய், நான் பேனை தூக்கி வந்திரிக்கன். படுக்கிறது பக்கத்துப் பக்கத்துக் கட்டில்லதான்."

ஐந்தாம் நாள் டொக்டர் வந்து பட்டியைக் கழற்றிவிட்டு, "நீர் உடற்பயிற்சி ஏதும் செய்யிறனீரோ?" என்று கேட்டார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஐயா, நான் ஒரு நாளைக்கு நூறு மூட்டை தூக்கிறன்."

"அது வேலை. நான் கேட்டது பயிற்சி."

"இதைவிட என்ன ஐயா பயிற்சி?"

"சரி, வலது தோளுக்கு மேலால பின்னுக்குப் பாரும்."

பார்த்தேன். வலது பக்கத்தில் கிடந்த காசிம் நானாவின் கால் மட்டும் தெரிந்தது. இன்னும் திருப்பினேன். தலை நின்றுவிட்டது, உடம்புதான் திரும்பியது.

"என்னைப் பாக்கிறதெண்டா இந்த மனுசன் முழுசாத் திரும்போணும், டொக்டர்" என்றார் நானா. "கப்பல் திரும்பிற மாதிரி."

டொக்டர் சிரிக்கவில்லை. என்னை எழுப்பி, கைகழுவுகிற இடத்தில் இருந்த கண்ணாடிக்கு முன்னால் நிறுத்தினார். கண்ணை மூடச் சொன்னார். தலையை நேராகப் பிடிக்கச் சொன்னார். பிடித்தேன். நன்றாக நேராக, பட்டாளத்தான் மாதிரி.

"இப்ப கண்ணைத் திறவும்."

கண்ணாடியில் ஒருத்தன் தலையை இடது பக்கம் சரித்துக்கொண்டு நின்றான். ஏதோ சாமான் வாங்க வந்து விலை கேட்கிறவன் மாதிரி. நான் அசையவில்லை. அவனும் அசையவில்லை. டொக்டர் இரண்டு கையாலும் என் தலையைப் பிடித்து நிமிர்த்தினார். கண்ணாடியில் தலை நேரானது. ஆனால் எனக்கு வலது பக்கமாக விழப்போகிற மாதிரி இருந்தது. தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"உமக்கு இப்ப சரிவுதான் நேர்" என்றார் அவர்.

எப்படி வந்தது இது என்று நாள் முழுக்க யோசித்தேன். பார்ஜிலிருந்து ஜெட்டிக்குப் போட்ட பலகைக்கு ஒரு பக்கத்தில் மட்டும் கைபிடிக் கயிறு உண்டு. இடது பக்கம். இடது கையால் கயிற்றைப் பிடிக்க வேண்டும் என்றால் மூட்டை வலது தோளில்தான் வரும். வலது தோளில் மூட்டை இருந்தால் தலையை இடது பக்கம் தள்ளித்தான் நடக்க வேண்டும். அந்தக் கயிற்றைக் கட்டியது யார்? நான்தான். துறைமுகத்துக்கு வந்த முதல் கிழமையில், ஏழு நாள் ஆகுமுன்னே, ஒரு கயிறுதான் கையில் இருந்தது, ஒரு பக்கத்தில் கட்டினேன். என் கையாலேயே என் கழுத்தைச் சரித்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் கூட்டம் என்னைப் பார்க்க வந்தது. எங்களோடு மூட்டை தூக்கிக் கங்காணியான சின்னராசா அண்ணை முன்னால், அவருக்குப் பின்னால் ஐந்து பேர். வாழைப்பழச் சீப்பு ஒன்றைக் கட்டிலில் வைத்துவிட்டு, கால்மாட்டில் வரிசையாக நின்றார்கள். ஆறு தலையும் இடது பக்கம் சரிந்திருந்தது. ஆறு பேரும் ஒரே அளவு. காற்றுக்குச் சாய்ந்த பயிர் மாதிரி.

பதினொரு வருஷம் பக்கத்தில் நின்று வேலை செய்தவன், ஒரு நாளும் இதைக் காணவில்லை. சிரிப்பு வந்தது. பாதியிலேயே நின்றுபோனது.

"ஏன்டா பேயறைஞ்ச மாதிரிப் பாக்கிறாய்?" என்றார் அண்ணை.

"ஒண்டுமில்லை அண்ணை" என்றேன். அப்போது அதைச் சொல்ல எனக்கு ஏலாமல் இருந்தது.

டொக்டர் சொல்லித் தந்த பயிற்சி மிகச் சின்னது. உள்ளங்கையை நெற்றியில் வைத்து, தலையால் கையைத் தள்ள வேண்டும், கையால் தலையைத் தடுக்க வேண்டும். தலை அசையக் கூடாது. ஐந்து எண்ணும்வரை. பிறகு பிடரியில் கை, பிறகு இரண்டு காதுப் பக்கமும். பிறகு முதுகின் சிறகு எலும்பு இரண்டையும் பின்னால் சேர்த்து விட வேண்டும். மெதுவாகத் தலையைத் திருப்ப வேண்டும். காலையும் மாலையும், நாள்தோறும். மூட்டை தூக்குகிறபோது கழுத்தில் ஒரு சில தசைகளே வேலை செய்து இறுகிப் போகின்றன, மற்றவை பதினொரு வருஷமாகச் சும்மா கிடக்கின்றன, அவற்றை எழுப்ப வேண்டும் என்றார். சலூன் சொடுக்கு இனிமேல் கூடவே கூடாது என்றார். நோவு கூடினாலோ கை மேலும் மரத்தாலோ உடனே நிறுத்திவிட்டுத் தன்னிடம் வரச் சொன்னார்.

நூறு மூட்டை தூக்கியவனுக்கு நெற்றியில் கையை வைத்துக்கொண்டிருப்பது வெட்கமாக இருந்தது. காசிம் நானா மட்டும் ஒழுங்காகச் செய்தார்.

இரண்டு கிழமையில் இரசம் அறுபதுக்கு வந்தது. கழுத்துக்கு ஒரு பட்டை கட்டி, பத்து நாளைக்கு மட்டும் போடச் சொல்லி வீட்டுக்கு விட்டார்கள்.

இங்கேதான் நான் பெரிய மடைத்தனம் செய்தேன். அந்தப் பட்டையை ஆறு கிழமை கழற்றவில்லை. பட்டை போட்டிருந்தால் பஸ்ஸில் கொண்டக்டர் முன் கதிரையில் இருப்பவரை எழுப்பிவிட்டு எனக்கு இடம் தருவார். வழியில் போகிறவர்கள் நின்று சுகம் கேட்பார்கள். என்னை ஊரில் யாரும் அப்படி மதித்ததில்லை. அதைவிடப் பயமும் இருந்தது. அசைத்தால் மிச்ச நரம்பும் போய்விடும், ஆடாமல் அசையாமல் இருந்தால்தான் கை மிஞ்சும் என்று நம்பினேன். பயிற்சியை விட்டேன். கழுத்தைக் கண்ணாடிச் சாமான் மாதிரி வைத்துப் பார்த்துக்கொண்டேன்.

கிளினிக்கில் டொக்டர் பட்டையைக் கழற்றினார். தலை முன்னால் தொங்கியது. தூக்கிப் பிடிக்கவே களைத்தது. பட்டியை நெரித்தேன். நாற்பது. மூட்டை விழுந்த நாளில் நின்ற அதே நாற்பது.

"பத்து நாள் எண்டெல்லோ சொன்னனான்?"

"பாதுகாப்புக்கு ஐயா..."

"நீர் பாதுகாத்துப் பாதுகாத்தே கழுத்தைச் சாக்காட்டிப் போட்டீர்!"

அவர் கோபித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். கொழும்புக்கான கடிதத்தை எடுத்து, பேனையைத் திறந்து, சரியாக ஒரு மாதம் தள்ளித் தேதி போட்டார். "இந்தத் தேதிக்கு இரசம் நூறு தாண்டாட்டி நீர் கொழும்புக்கு றெயில் ஏறுறீர்" என்றார். பரமேசு அந்தக் கடிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று பின்னேரம் அவள் குசினி வாசலில் எனக்கு ஒரு கதிரை போட்டாள். தான் தேங்காய் திருவிக்கொண்டு எண்ணுவதாகச் சொன்னாள்.

"வையுங்கோ கையை. ஒண்டு... ரெண்டு... மூண்டு..."

மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில் எழும்பிப் போய் உலையைப் பார்த்தாள்.

"பரமேசு, கை நடுங்குது!"

"நடுங்கட்டும். நானென்ன, நாலு எண்டு சொன்னனானோ?"

பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "யாருக்கு இந்தச் சலாம் போடுறியள்?" என்று கேட்டார். "எங்கட வீட்டு மகாராணிக்கு" என்றேன். அவள் திருவின தேங்காயை ஒரு பிடி எடுத்து என் வலது கையில் வைத்து, "இதைப் பிழியுங்கோ" என்றாள். முதல் நாள் இரண்டு சொட்டு வந்தது. அந்த மாதம் முழுக்க எங்கள் வீட்டுச் சொதிக்கு நான்தான் பால் பிழிந்தேன். காலையும் பின்னேரமும், ஒரு நாள் விடவில்லை. நிலாவெளி வீதியில் நடக்கவும் செய்தேன். எங்கேயும் போய்ச் சேர வேண்டும் என்றில்லாமல், போய்விட்டு வீட்டுக்கே திரும்பி வந்தது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

அந்தத் தேதிக்கு முதல் நாள் கிளினிக்குக்குப் போனோம். டொக்டர் பட்டியை என் வலது கையில் தந்தார். பரமேசு இரசத்தைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தாள். நெரித்தேன். நாற்பதைத் தாண்டியது. எண்பதில் ஒரு கணம் நின்றது. பிறகு ஏறியது. நூற்று முப்பது.

டொக்டர் கடிதத்தை இரண்டாக மடித்து மேசை இலாச்சிக்குள் போட்டார். "கிழிக்கயில்லை. பயிற்சியை விட்டீரெண்டா திரும்ப எடுப்பன்."

விட்டும் பார்த்தேன், மறைக்கவில்லை. கால் ஓரிடத்தில் நிற்காது. அறுவடைக்கென்று ஈச்சிலம்பற்றுக்குப் போனேன். வெட்ட அல்ல, காவலுக்கு. மூன்று கிழமை பயிற்சி இல்லை. நான்காம் கிழமை விரல்களில் எறும்பு திரும்ப வந்தது. மறுநாளே பஸ் ஏறி வந்து, நெற்றியில் கையை வைத்தேன். நோவு முற்றாகப் போய்விட்டது என்று சொன்னால் பொய். செய்கிற நாட்களில் குறைவு, விட்ட நாட்களில் வந்துவிடும். காசிம் நானாவுக்கும் அப்படித்தான். கச்சேரியில் அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து தோளைச் சுற்றுகிறாராம், மற்றக் கிளாக்கர்மார் பறக்கப் போறியளோ நானா என்று கேட்கிறார்களாம்.

எனக்கு மூட்டை இனி இல்லை. துறைமுகத்தில் ஒரு விசைப்படகில் கயிறு பிடிக்கிற வேலை கிடைத்தது. முதல் நாளே ஜெட்டிக்குப் போய், பலகைக்கு வலது பக்கத்திலும் ஒரு கயிறு கட்டினேன், தோளை மாற்றித் தூக்கட்டும் என்று.

"என்னடா, கலியாணப் பந்தலா போடுறாய்?" என்றார் சின்னராசா அண்ணை. எல்லோரும் சிரித்தார்கள். பழைய கயிற்றையே பிடித்துக்கொண்டு நடந்தார்கள்.

அந்தச் சனிக்கிழமை சலூனுக்குப் போனேன். ஆறு பேரும் அங்கே இருந்தார்கள். "கழுத்துச் சொடுக்க முதல் ஒரு விளையாட்டு" என்றேன். வரிசையாகப் பெரிய கண்ணாடிக்கு முன்னால் நிற்கச் சொன்னேன். கண்ணை மூடி, தலையை நேராகப் பிடிக்கச் சொன்னேன். கிண்டலடித்துக்கொண்டே நின்றார்கள்.

"நேரா நிக்கிறியளோ?"

"கோயில் கொடிமரம் மாதிரி" என்றான் ஒருவன்.

"கண்ணைத் திறவுங்கோ."

யாரும் சிரிக்கவில்லை. சலூன்காரர் கத்தரிக்கோலை விரித்தபடியே நின்றார். ஒருவன் கண்ணாடியை, அதுதான் கோணலாகத் தொங்குகிறதோ என்று, கிட்டப் போய்த் தட்டிப் பார்த்தான். அண்ணை வெளியே போனார். நான் பின்னால் போனேன்.

வெளியே வாசலில் அவர் சத்தம் போடாமல் சொன்னார், "தம்பி, எனக்கும் ரெண்டு மாசமா இந்தக் கையில எறும்பு ஊருது. ஒருத்தரிட்டையும் சொல்லயில்லை."

என் வலது கையை நீட்டினேன். "பிடிச்சு நெரியுங்கோ அண்ணை."

பெரிய கை. ஒரு காலத்தில் இரண்டு மூட்டையை ஒன்றாகத் தூக்கிய கை. என் விரல்களைச் சுற்றி அது மூடியது. நான் காத்திருந்தேன்.

"நெரியுங்கோவன் அண்ணை."

அவர் என் முகத்தைப் பார்த்தார். நெற்றியில் வியர்வை நின்றது.

"நெரிச்சுக்கொண்டுதான்டா இருக்கிறன்" என்றார்.